தேனுண்ணி

நுழையும்முன்

எழுத்து வடிவம் பெறாமலே வழக்கொழிந்த மொழிகள் பல. அவற்றைப் பேசியோர் கல்வெட்டோ ஏடோ விட்டுச் செல்லவில்லை. எனினும் அம்மொழிகளின் சொற்களையும் வேற்றுமை உருபுகளையும் இன்று மொழியியலார் எழுதிக் காட்டுகின்றனர். இஃது எவ்வாறு இயலும்? ஒலி ஒப்புமையைக் கொண்டு கற்பனையாகக் கூறும் சொல்விளக்கத்திற்கும் சான்றுகளால் நிறுவப்படும் சொல்வரலாற்றிற்கும் உள்ள வேறுபாடு யாது? கிழக்கு ஐரோப்பாவின் காடுகளில் வாழும் ஒரு விலங்கின் பெயரைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தொல் ஸ்லாவிய மொழி

ரஷ்ய மொழி, உக்ரைனிய மொழி, பெலாரஸ் மொழி ஆகியன கிழக்கு ஸ்லாவிய மொழிகள். போலந்து மொழி, செக், ஸ்லோவாக்கியம் முதலியன மேற்கு ஸ்லாவிய மொழிகள். பல்கேரியம், மாசிடோனியம், செர்பியம், குரோவாசியம், ஸ்லோவேனியம் ஆகியன தெற்கு ஸ்லாவிய மொழிகள். இவையனைத்தும் ஒரு தாய்மொழியிலிருந்து கிளைத்தவை. அத்தாய்மொழியைத் தொல் ஸ்லாவியம் என்பர்.

கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஸ்லாவிய மக்கள் ஐரோப்பாவின் பல திசைகளிலும் பரவினர். அதன்பின் அவர்களது மொழி சிறிது சிறிதாகப் பிரிந்தது. ஸ்லாவிய மக்களுக்கு எழுத்து வாய்த்ததோ 9ஆம் நூற்றாண்டில்தான். சிரில், மெதோடியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர், 863ஆம் ஆண்டளவில் மொராவியா நாட்டிற்குச் சமயப்பணிக்காகச் சென்றனர். அப்பணியின் பொருட்டு உருவான எழுத்தும் மொழிபெயர்ப்புகளுமே ஸ்லாவிய எழுத்திலக்கியத்தின் தொடக்கம். அதற்கு முந்தைய மொழிநிலையைக் காட்டும் நேரடி ஆவணம் இல்லை. ஆதலால் தொல் ஸ்லாவியச் சொற்கள் யாவும் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டவை.

மீட்டுருவாக்கம் செய்த சொல்லின் முன் உடுக்குறி (*) இடுவது மரபு. 'இச்சொல் எழுத்தில் காணப்பட்டதன்று. ஒப்பீட்டால் பெறப்பட்டது' என்பது அக்குறியின் பொருள். இம்மரபை 19ஆம் நூற்றாண்டில் நிலைபெறச் செய்தவர் செருமானிய அறிஞர் ஆகஸ்ட் ஸ்லெய்கர். படிப்போரிடம் எது கண்ட சான்று, எது கருதிப்பெற்ற முடிவு என்பதை ஒளிவின்றி உணர்த்தும் அறிவு நேர்மையின் அடையாளம் அவ்வுடுக்குறி.

எழுத்துப்பெயர்ப்புக் குறிப்பு

தொல் ஸ்லாவியத்தில் மிகக் குறுகி ஒலித்த இகரமும் உகரமும் இருந்தன. நம் குற்றியலிகரத்தையும் குற்றியலுகரத்தையும் போல அவை தம் அளவில் குறைந்து ஒலித்தவை. இப்பாடத்தில் தொல் ஸ்லாவியச் சொற்களில் வரும் இகரமும் உகரமும் அக்குறுக்கங்களையே குறிக்கும். முழு அளவில் ஒலித்தவை ஈகாரமாகவும் ஊகாரமாகவும் எழுதப்பட்டுள்ளன. எகர ஏகார வேறுபாடு தமிழில் உள்ளதைப் போன்றே கொள்ளப்படும். தகரம் 'பாதை' என்னும் சொல்லில் உள்ளதுபோல் மென்மையாக ஒலிக்கப்படும்.

உறவுச் சொற்களும் ஒலித்தொடர்பும்

கரடியை ரஷ்ய மொழியில் மெத்வேத் என்பர். குரோவாசியத்தில் மெத்வியெத், செர்பியத்திலும் ஸ்லோவேனியத்திலும் மெத்வெத், செக் மொழியில் மெத்வியெத், உக்ரைனிய மொழியில் வெத்மீத், போலந்து மொழியில் நியெஜ்வியெச். இச்சொற்கள் உறவுடையன என்பது பார்த்த அளவில் தோன்றும். ஆயினும் தோற்றம் மட்டுமே சான்றாகாது. ஒலிகள் ஒழுங்கான முறையில் ஒத்துவர வேண்டும்.

இரண்டாம் அசையின் உயிரை நோக்குவோம். ரஷ்யத்தில் ஏகாரம், உக்ரைனியத்தில் ஈகாரம், குரோவாசியத்தில் 'இயெ', செர்பியத்தில் எகரம். இவ்வேறுபாடு இச்சொல்லில் மட்டும் நிகழ்ந்ததா? நம்பிக்கையைக் குறிக்கும் சொல், ரஷ்யத்தில் வேரா, உக்ரைனியத்தில் வீரா, குரோவாசியத்தில் வியெரா, செர்பியத்தில் வெரா என வழங்குகிறது. அதே நால்வகை மாற்றம் இங்கும் உள்ளது. வேறு பல சொற்களிலும் இவ்வொழுங்கு காணப்படுகிறது. எனவே இவற்றின் மூலத்தில் ஒரே உயிரொலி இருந்திருத்தல் வேண்டும். அதனைத் தொல் ஸ்லாவிய ஏகாரம் என வரையறுப்பர்.

சொல்லின் முதலெழுத்தோ ஒத்துவரவில்லை. பெரும்பாலான மொழிகளில் மகரம் உள்ளது. போலந்து மொழியில் நகரமும் உக்ரைனியத்தில் வகரமும் உள்ளன. பெரும்பான்மை கருதி மகரமே மூலம் என்று முடிவுசெய்துவிடலாகாது. ஒப்பிலக்கணம் வாக்கெடுப்பன்று. மாறி நிற்கும் வடிவம் ஏன் மாறிற்று என்பதையும் விளக்குதல் வேண்டும். பழைய போலந்து மொழியில் இச்சொல் மியெஜ்வியெச் என மகரமுதலாகவே இருந்தது; நகரம் பின்னர் வந்தது. உக்ரைனியத்தில் மகரமும் வகரமும் தம்முள் இடம் மாறின. தமிழில் 'விசிறி' என்பது 'சிவிறி' என மாறியதைப் போன்ற எழுத்து இடமாற்றம் அது. இவ்வாறு விலகிய வடிவங்களுக்கும் விளக்கம் கிடைத்த பின்னரே மூலவடிவம் உறுதியாகிறது. அது *மெத்வேதி.

பிரிக்கும் இடம் யாது?

*மெத்வேதி என்பது கூட்டுச்சொல். இதன் முற்பகுதி தேனைக் குறிக்கும் *மெது என்னும் சொல் என்பதில் ஐயமில்லை. பிற்பகுதியைப் பிரிப்பதில்தான் சிக்கல் உள்ளது. இதனை இருவகையாகப் பிரிக்கலாம்.

மெத் + வேதி எனப் பிரித்தால் பிற்பகுதி 'அறி' என்னும் பொருளுடைய *வேத் என்னும் வேராகும். வடமொழியின் 'வேதம்' என்னும் சொல்லுக்கு உறவான வேர் அது. அவ்வாறாயின் 'தேன் இருக்குமிடம் அறிந்தது' என்பது பொருள். மெத்வ் + ஏதி எனப் பிரித்தால் பிற்பகுதி 'உண்' என்னும் பொருளுடைய *ஏத் என்னும் வேராகும். அவ்வாறாயின் 'தேன் உண்பது' என்பது பொருள்.

மரப்பொந்தில் மறைந்திருக்கும் தேனை மோப்பத்தால் கண்டறியும் விலங்கிற்குத் 'தேனறிவோன்' என்னும் பெயர் நன்கு பொருந்துவதாகத் தோன்றும். மக்கள் வழக்கிலும் இவ்விளக்கம் உண்டு. 'தேனுண்ணி' என்பதும் பொருந்தவே செய்கிறது. பொருள் பொருத்தம் இரண்டிற்கும் ஒன்றாக இருக்கும்போது, எது சரி என்பதை இனிமை கொண்டு முடிவு செய்யலாமா? இலக்கணத்தின் துணை தேவைப்படும் இடம் இதுவே. சான்றுகள் மூன்றினைக் காண்போம்.

முதற்சான்று, புணர்ச்சி. ஸ்லாவிய மொழிகளில் இரு பெயர்ப்பகுதிகள் கூடும்போது இடையில் ஓர் இணைப்புயிர் வருவது வழக்கம். தேன்மது வடிப்பவரை ரஷ்ய மொழியில் மெதோவார் என்பர். 'மெத்' என்பதற்கும் 'வார்' என்பதற்கும் இடையே ஒகர ஒலி நிற்கிறது. 'தேனறிவோன்' என்பதே பொருளாயின், மெதோவேதி என்றாற்போல இணைப்புயிர் பெற்ற வடிவத்தையே எதிர்பார்க்க வேண்டும். ஒரு மொழியிலும் அவ்வாறு இல்லை. மாறாக, *மெது என்பதன் இறுதி உகரம், அடுத்து உயிர் வரும்போது வகரமாகத் திரியும் எனக் கொண்டால், மெது + ஏதி, மெத்வேதி என இயல்பாக முடிகிறது. வடமொழியிலும் இதற்கு நேரான புணர்ச்சி உண்டு. மது + அத், மத்வத் என்றாகும். 'இனியதை உண்பது' என்னும் பொருளில் இச்சொல் இருக்கு வேதத்தில் பறவைகளுக்கு அடைமொழியாக வந்துள்ளது. தமிழில் திரு + அருள், திருவருள் என்றாகும்போது உகரம் நிலைத்திருக்க, வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுகிறது. ஸ்லாவியத்திலும் வடமொழியிலும் உகரமே வகரமாகிவிடுகிறது. இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

இரண்டாம் சான்று, பிற சொற்களில் எஞ்சிய வடிவம். தேன்மணம் கமழ்வதை ரஷ்ய மொழியில் மெத்வியானி என்பர். இது கரடியொடு தொடர்பற்றது. தேன் என்னும் பெயரிலிருந்து பிறந்த பெயரடை. இதிலும் உயிருக்கு முன் 'மெத்வ்' என்றே உள்ளது. எனவே வகரம், தேனைக் குறிக்கும் சொல்லின் பகுதியே என்பது உறுதிப்படுகிறது.

மூன்றாம் சான்று, உக்ரைனிய மொழியின் உயிரொலி. உக்ரைனியத்தில் கரடியின் பெயர் வெத்மீத் என்பதால், 'வெத் என்பது அறிதல். மீத் என்பது தேன்' எனச் சிலர் விளக்குவர். தொல் ஸ்லாவிய ஏகாரம் உக்ரைனியத்தில் ஈகாரமாகும் என முன்னர்க் கண்டோம். 'அறி' என்னும் வேருக்கும் இவ்விதி பொருந்தும். 'அறிவுடையவள்' என்னும் பொருளில் சூனியக்காரியைக் குறிக்கும் சொல், ரஷ்யத்தில் வேத்மா, உக்ரைனியத்தில் வீத்மா. கரடியின் பெயரில் உள்ளது அதே வேராயின் அது 'வீத்' எனத் தொடங்க வேண்டும். ஆனால் 'வெத்' என எகரத்தோடு தொடங்குகிறது. அந்த எகரம், தேனைக் குறிக்கும் *மெது என்பதன் எகரம். இரண்டாம் அசையின் ஈகாரமே பழைய ஏகாரத்தின் எச்சம். மெய்கள் இடம் மாறியபோதும் உயிர்கள் தம் இடத்திலேயே நின்று மூலத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆகவே *மெத்வேதி என்பதன் பொருள் தேனுண்ணி. 'தேனறிவோன்' என்பது பிற்காலத்தார், சொல்லின் அமைப்பு மறைந்தபின் தமக்குத் தெரிந்த வேரைக் கொண்டு அமைத்துக்கொண்ட விளக்கம். இத்தகைய விளக்கத்தை மக்கள் சொற்பிறப்பியல் என்பர். அதற்கும் மொழி வரலாற்றில் இடமுண்டு; உக்ரைனியத்தில் மெய்கள் இடம் மாறியதற்கே அது துணைசெய்திருக்கலாம். எனினும் சொல்லின் மூலத்தை அது நிறுவாது.

தேனும் உணவும்

*மெது, *ஏத் என்னும் இரண்டும் ஸ்லாவியத்திற்கு முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்து வந்தவை. 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை, வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு பொதுமூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்னும் கருத்தைப் பரவச் செய்தது. அப்பெருங்குடும்பத்தின் ஒரு கிளையே ஸ்லாவியம்.

தேனைக் குறிக்கும் சொல் லிதுவேனிய மொழியில் மெதுஸ். ஸ்லாவியத்தில் சொல்லிறுதி மெய்கள் யாவும் கெட்டன. ஆதலின் இறுதி ஸகரம் நீங்கி *மெது ஆயிற்று. லிதுவேனியம் அதனைக் காத்து வருகிறது. வடமொழியில் மது, கிரேக்கத்தில் மது வகையைக் குறிக்கும் மெது, ஆங்கிலத்தில் தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்தைக் குறிக்கும் மீட். உண்ணுதலைக் குறிக்கும் வேர் இலத்தீனில் எத், வடமொழியில் அத், ஆங்கிலத்தில் ஈட். வடமொழி 'அத்' என்னும் வேரிலிருந்தே 'அன்னம்' என்னும் சொல் பிறந்தது.

இங்கு ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். 'மது', 'அன்னம்' என்பன வடமொழியிலிருந்து தமிழில் வந்து வழங்குவன. ஆதலின் ஸ்லாவியரின் தேனுண்ணியில் உள்ள இரு பகுதிகளுக்கும் உறவான சொற்கள், கடன்சொற்களாக நம் வழக்கில் உள்ளன. ஆனால் மென்மையைக் குறிக்கும் 'மெது' என்னும் தமிழ்ச்சொல், ஸ்லாவிய *மெது என்பதோடு ஒலியால் முற்றும் ஒத்திருப்பினும் அதற்கு உறவன்று. உருவம் வேறுபட்ட 'மது' உறவாகிறது. உருவம் ஒத்த 'மெது' உறவாகவில்லை. சொல்லுறவை முடிவுசெய்வது ஒலியொழுங்கும் வரலாறும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தெரியுமா?

கரடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஆர்க்தோஸ். வடவானில் தோன்றும் பெருங்கரடி விண்மீன் கூட்டத்திற்கும் கிரேக்கர் அப்பெயரே இட்டனர். அவ்விண்மீன்கள் காட்டும் திசையிலுள்ள நிலப்பகுதி 'ஆர்க்டிக்' எனப்பட்டது. ரஷ்ய மொழியில் அவ்விண்மீன் கூட்டத்தின் பெயர், 'பெரிய பெண்கரடி' எனப் பொருள்படும்.

மறைந்த பழம்பெயர்

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் கரடிக்கு வேறொரு பெயர் இருந்தது. அதன் வழித்தோன்றல்களே கிரேக்க ஆர்க்தோஸ், இலத்தீன் உர்ஸுஸ், வடமொழி ரிக்ஷ, வேல்ஸ் மொழியின் ஆர்த் முதலியன. ஹிட்டைட் மொழியிலும் இதன் வடிவம் கிடைத்துள்ளது. இவ்வளவு பரவலாக வழங்கிய பழம்பெயர் ஸ்லாவியத்தில் வழக்கிழந்தது. கரடியின் பெயர் மட்டும் ஏன் மறைய வேண்டும்? ஓநாயின் பழம்பெயரை ஸ்லாவியர் மறந்தனர் அல்லர்.

ஸ்லாவியத்தின் அண்டைக் கிளைகளிலும் இதே நிலை உள்ளது. செருமானிய மொழிகளில் கரடியைக் குறிக்கும் சொல் 'பழுப்பு நிறத்தது' என விளக்கப்படுவதுண்டு. 'காட்டு விலங்கு' எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் அது புதுப்பெயரே. லிதுவேனியத்திலும் பழம்பெயருக்கு மாறாக லோகீஸ் என்னும் வேறு பெயர் வழங்குகிறது. வேறு குடும்பத்தைச் சார்ந்த பின்னிய மொழியிலும் கரடிக்குத் 'தேன்பாதம்' எனப் பொருள்படும் ஒரு சிறப்புப்பெயர் உண்டு.

பிரெஞ்சு மொழியியலார் அந்துவான் மெய்யே, 1906ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். காட்டில் வேட்டைக்குச் செல்வோர் கரடியின் உண்மைப்பெயரைக் கூறுவதற்கு அஞ்சினர். பெயரைக் கூறின் அது கேட்டு வந்துவிடும் என எண்ணினர். ஆதலின் குறிப்புப்பெயரால் சுட்டினர். நாளடைவில் உண்மைப்பெயரை அறவே மறந்தனர். இதனைச் சொல்விலக்கு என்பர். பின்னாளில் தேனுண்ணி என்னும் குறிப்புப்பெயரே இயற்பெயராகிவிட, அதனையும் மறைத்துக் கூறும் வழக்கு எழுந்தது. ரஷ்ய மக்கள் கரடியை மீஷா என மனிதப்பெயரிட்டும், 'வளைகாலன்' என்றும், 'தலைவன்' என்றும் சுட்டுவர். பல்கேரியத்திலும் மாசிடோனியத்திலும் இன்று வழங்கும் பெயர் மெச்கா என்பதாகும்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்றாக மங்கலத்தைக் கூறுகிறது. இறந்தார் என்னாது 'இயற்கை எய்தினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் அதற்கு எடுத்துக்காட்டுகள். சொல்லத் தயங்கும் ஒன்றை வேறு சொல்லால் கூறும் இயல்பு மாந்தர்க்குப் பொதுவானது என்பதை இவற்றால் உணரலாம்.

ஆயினும் இரண்டு முடிவுகளின் உறுதி ஒரே அளவினதன்று. *மெத்வேதி என்பதன் பொருள் தேனுண்ணி என்பது ஒலிவிதிகளால் நிறுவப்பட்டது. அச்சமே பழம்பெயரை மறைத்தது என்பது, சூழ்நிலைச் சான்றுகளால் உய்த்துணர்ந்த கருத்து. தொல் ஸ்லாவியர் தம் அச்சத்தை எழுதி வைத்தாரல்லர். முன்னதை நிறுவப்பட்ட முடிவாகவும் பின்னதை ஏற்கத்தகும் விளக்கமாகவும் கொள்வதே ஆய்வுநெறி.

சொல்லின் இலக்கணம்

*மெத்வேதி ஆண்பாற்பெயர். தொல் ஸ்லாவியப் பெயர்கள் ஈற்றெழுத்தின் அடிப்படையில் பல வகைப்படும். இச்சொல் இகர ஈற்று வகையைச் சார்ந்தது. விருந்தினரைக் குறிக்கும் *கோஸ்தி, வழியைக் குறிக்கும் *போந்தி ஆகியனவும் இவ்வகையினவே. (*போந்தி என்பதன் முதலுயிர் மூக்கொலி பெற்றது.)

தொல் ஸ்லாவியத்தில் ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று. வேற்றுமை ஏழு. தமிழ் வேற்றுமைகளோடு ஒப்பிடின் ஐந்தாம் வேற்றுமைக்கெனத் தனிவடிவம் இல்லை. நீங்கற்பொருளை ஆறாம் வேற்றுமை வடிவமே ஏற்றது. இச்சொல் வேற்றுமையில் திரியும் முறை வருமாறு (ஒருமை, இருமை, பன்மை என்னும் வரிசையில்):

எழுவாய்: *மெத்வேதி, *மெத்வேதீ, *மெத்வேதியெ
இரண்டாம் வேற்றுமை: *மெத்வேதி, *மெத்வேதீ, *மெத்வேதீ
மூன்றாம் வேற்றுமை: *மெத்வேதிமி, *மெத்வேதிமா, *மெத்வேதிமீ
நான்காம் வேற்றுமை: *மெத்வேதீ, *மெத்வேதிமா, *மெத்வேதிமு
ஆறாம் வேற்றுமை: *மெத்வேதீ, *மெத்வேதியூ, *மெத்வேதியி
ஏழாம் வேற்றுமை: *மெத்வேதீ, *மெத்வேதியூ, *மெத்வேதிஹு
விளி: *மெத்வேதீ, *மெத்வேதீ, *மெத்வேதியெ

ஒருமையில் நான்கு, ஆறு, ஏழு, எட்டு ஆகிய வேற்றுமைகள் ஒரே வடிவம் பெற்றுள்ளன. பொருள் வேறுபாட்டைத் தொடரும் முன்னிடைச் சொற்களும் உணர்த்தின. தமிழில் ஒவ்வொரு வேற்றுமைப் பொருளையும் தனி உருபு சுட்டும். ஸ்லாவியத்திலோ ஓர் ஈறே எண், வேற்றுமை இரண்டையும் சேர்த்துணர்த்தும். அதனைப் பகுத்துக் காட்ட இயலாது.

இச்சொல் இகர ஈற்று வகையினது என்பதற்கும் சான்று உண்டு. இதனை யகரம் சேர்ந்த ஈறுடைய மற்றொரு வகையினதாகக் கொண்டால் என்னாகும்? ஸ்லாவியத்தில் தகரமும் யகரமும் கூடும்போது தகரம் திரியும். 'கரடிக்குரிய' என்னும் பொருள்படும் ரஷ்யப் பெயரடை மெத்வேஜி. யகரம் சேர்ந்தமையால் அங்குத் தகரம் ஜகரம் போன்ற உரசொலியாயிற்று. பெயர்ச்சொல்லாகிய மெத்வேத் என்பதிலோ தகரம் திரியவில்லை. ஆகவே அதன் ஈற்றில் யகரம் இல்லை. குறுகிய இகரமே இருந்தது.

பிற்கால மாற்றங்கள்

சொல்லிறுதியில் குறுகி ஒலித்த இகரம், 10ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் பெரும்பாலான ஸ்லாவிய மொழிகளில் மறைந்தது. அதன் சுவடாக ரஷ்யத்தில் இறுதித் தகரம் மென்மையாக ஒலிக்கிறது.

இகர ஈற்று ஆண்பாற்பெயர்களும் தம் வகையைவிட்டு, பெரும்பான்மையான ஆண்பாற்பெயர்களின் வகையில் சேர்ந்தன. இன்றைய ரஷ்யத்தில் 'கரடியின்' என்பது மெத்வேத்யா. பழைய ஈகார ஈறு இல்லை. வழியைக் குறிக்கும் பூத் என்னும் சொல் மட்டும் 'பூதீ' என ஆறாம் வேற்றுமையில் பழைய ஈற்றைக் காத்து நிற்கிறது.

இருமை எண் பெரும்பாலான மொழிகளில் வழக்கிறந்தது. ஸ்லோவேனியத்திலும் சோர்பிய மொழிகளிலும் மட்டும் இன்றும் உள்ளது. எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒருமையில் ஒரே வடிவம் பெற்றிருந்தமை மற்றொரு மாற்றத்திற்கு வழிவகுத்தது. 'வேடன் கரடியைக் கொன்றான்' என்பதிலும் 'வேடனைக் கரடி கொன்றது' என்பதிலும் பெயர்கள் ஒரே வடிவில் நின்றால் கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்பது மயங்கும். அம்மயக்கம் நீங்க, உயிருடையனவற்றைக் குறிக்கும் ஆண்பாற்பெயர்கள் ஆறாம் வேற்றுமை வடிவத்தை இரண்டாம் வேற்றுமைக்கும் ஏற்றன. இதனால் உயிருடையன, உயிரற்றன என்னும் பாகுபாடு ஸ்லாவிய இலக்கணத்தில் புதிதாக எழுந்தது.

இப்பெயர் ஸ்லாவிய எல்லையையும் கடந்தது. வேறு மொழிக்குடும்பத்தைச் சார்ந்த ஹங்கேரிய மொழி இதனைக் கடனாகப் பெற்று மெத்வெ என வழங்குகிறது. 'மெத்வெதேவ்' என்னும் ரஷ்யக் குடும்பப்பெயரும் இதன்வழி வந்ததே.

நிறைவாக

ஒரு சொல்லைப் பற்றிய இனிய கதை, அச்சொல்லின் வரலாறு ஆகிவிடாது. பிரிக்கும் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறும்; எங்குப் பிரிப்பது என்பதை இலக்கணமே காட்டும். கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும், உறவுமொழிகளை ஒப்பிட்டு ஆராயும் இந்நெறியிலேயே அமைந்தது. தம் சொற்களுக்கு வேர்காண முனைவோர் எம்மொழியினராயினும், தமக்கு விருப்பமான விளக்கத்தையும் பிறர் விளக்கத்தைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு சோதித்தல் வேண்டும். சோதனையில் நிலைத்து நிற்பதே உண்மை. தேனறிவோன் என்னும் அழகிய விளக்கம் அச்சோதனையில் வீழ்ந்தது. எளிய தேனுண்ணி நிலைத்தது.

இலக்கணக் குறிப்பு

தேனுண்ணி – இரண்டாம் வேற்றுமைத் தொகை
பழம்பெயர் – பண்புத்தொகை
செல்வோர் – வினையாலணையும் பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

மறந்தனர் – மற + த்(ந்) + த் + அன் + அர்
மற – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. எண்கு, உளியம், கரடி ஆகிய பெயர்கள் வழங்கும் இலக்கிய இடங்களைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. உங்கள் ஊரில் நேரடியாகக் கூறத் தயங்கி, வேறு சொல்லால் குறிப்பிடப்படுவனவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.
3. உங்கள் ஊர்ப்பெயருக்கு வழங்கும் காரணக் கதையையும் பழைய ஆவணங்களில் காணப்படும் பெயர்வடிவத்தையும் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மீட்டுருவாக்கம் செய்த சொல்லின் முன் இடப்படும் குறி
அ) வினாக்குறி ஆ) உடுக்குறி இ) மேற்கோள்குறி ஈ) அரைப்புள்ளி

2. தொல் ஸ்லாவிய ஏகாரம் உக்ரைனிய மொழியில் பெறும் வடிவம்
அ) எகரம் ஆ) ஆகாரம் இ) ஈகாரம் ஈ) ஊகாரம்

3. இருமை எண் இன்றும் வழங்கும் மொழி
அ) ரஷ்யம் ஆ) ஸ்லோவேனியம் இ) பல்கேரியம் ஈ) உக்ரைனியம்

குறுவினா

1. உடுக்குறி உணர்த்தும் பொருள் யாது?
2. சொல்விலக்கு என்றால் என்ன?
3. தமிழ்ச்சொல் 'மெது' ஸ்லாவிய *மெது என்பதற்கு உறவாகாது. 'மது' உறவாவது எவ்வாறு?

சிறுவினா

1. உக்ரைனியச் சொல் வெத்மீத், 'தேனறிவோன்' என்னும் விளக்கத்தை மறுப்பது எங்ஙனம்?
2. *மெத்வேதி இகர ஈற்றுப் பெயர் என்பதை நிறுவுக.
3. உயிருடையன, உயிரற்றன என்னும் பாகுபாடு ஸ்லாவிய மொழிகளில் தோன்றியதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா

1. *மெத்வேதி என்னும் சொல்லைப் பற்றிய முடிவுகளுள் நிறுவப்பட்டவை எவை, உய்த்துணரப்பட்டவை எவை என்பதைச் சான்றுகளுடன் வேறுபடுத்தி எழுதுக.